புத்தகம் செய்து பிழைக்க முடியுமா? வாசகர் கேள்வி பதில்

கையால் புத்தகம் செய்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய குறிப்பைப் படித்த வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். தாளைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, எழுதி, வரைந்து, அச்சிட்டு, மடித்து, தைத்து, அட்டை கட்டி முடிப்பது வரை எல்லாவற்றையும் ஒரே கலைஞர் தம் பொறுப்பில் செய்யும் புத்தகங்களைப் பற்றியே இங்கே பேசுகிறோம். தைக்கும் இழைக்கும் எழுதிய ஏட்டுக்கும் ‘நூல்’ என்று ஒரே பெயரை வைத்திருக்கும் மொழியில் இதைப் பற்றி எழுதக் கிடைத்தது என் நல்வாய்ப்பு. ஆயினும் குழப்பம் நேராதிருக்க, கீழே நூல் என்று வருமிடமெல்லாம் தைக்கும் நூலையே குறிக்கும் என்று கொள்ளுங்கள்.

கேள்வி: ஓவியம் படித்து முடித்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அலுவலக வேலை பார்த்துக்கொண்டே கடந்த இரண்டு ஆண்டுகளில் கையால் ஏழு புத்தகங்கள் செய்திருக்கிறேன். அவற்றுள் இரண்டு விற்றன. வேலையை விட்டுவிட்டு இதை மட்டுமே செய்து வாழ முடியுமா என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், அம்மா.

பதில்: இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். இதை உங்களைத் தளர்த்துவதற்காகச் சொல்லவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டே இரண்டு ஆண்டுகளில் ஏழு புத்தகங்களை முடித்த ஒருவர், அவசரப்பட்டுக் கடனில் விழுந்து இந்தக் கலையையே வெறுத்துவிடக் கூடாது என்ற கவலையில் சொல்கிறேன். தொடங்குபவர்கள் பலர், முடிப்பவர்கள் சிலர். நீங்கள் முடிப்பவர்.

தாம் செய்த கலைப்புத்தகங்களை மட்டுமே விற்று வாழ்பவர்கள் உலகெங்கும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. இந்தத் துறையில் பெரும்பெயர் பெற்றவர்களின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்தாலும், புத்தகத்தைச் சுற்றிய வேறு ஒரு வேலை அவர்களைத் தாங்கி நின்றிருப்பது தெரியும். ஹெடி கைல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், அமெரிக்கத் தத்துவக் கழகத்தின் நூலகத்தில் பழம் புத்தகங்களைப் பாதுகாக்கும் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். கல்லூரியில் பாடமும் நடத்தினார். அந்த உழைப்புக்கு நடுவில்தான், 1979-இல், விசிறி மடிப்பாக அமைந்த முதுகின் இருபக்கமும் சிறு தாள்களை எதிரெதிர்த் திசையில் ஒட்டி, இழுத்து விரித்தால் பக்கங்கள் யாவும் கொடிகளைப் போலப் படபடத்து ஒன்றையொன்று கடந்து செல்லும் ‘கொடிப் புத்தகம்’ என்னும் அமைப்பை அவர் உருவாக்கினார். பழைய புத்தகங்கள் எவ்வாறு கட்டப்பட்டன என்பதை நாள்தோறும் கையில் வைத்துப் பார்க்கும் வேலை, அவருடைய கலையின் நேரத்தைத் தின்றதைக் காட்டிலும் அதற்கு உரமாகவே அமைந்தது என்று நான் கருதுகிறேன். கிளேர் வான் விலீட் 1955-இல் ஜேனஸ் அச்சகம் என்ற பெயரில் தம் புத்தகங்களை வெளியிடத் தொடங்கினார்; சிறந்த படைப்பாளிகளுக்குப் பெருந்தொகை வழங்கும் அமெரிக்காவின் மக்கார்தர் நிதிநல்கை அவருக்குக் கிடைத்தது 1989-இல். இடைப்பட்ட 34 ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த வரவு செலவைச் சொல்கிறேன். வகுப்புகள் நடத்துவது, பிறர் கேட்கும் பெட்டிகளையும் கட்டுமானங்களையும் செய்து கொடுப்பது, என் புத்தகங்களை விற்பது என்று மூன்று வழிகளில் எனக்குப் பணம் வருகிறது. முதல் பத்து ஆண்டுகளில் மூன்றாவது வழியில் வந்ததே மிகக் குறைவு. இன்றும் அது பாதியைத் தாண்டவில்லை. ஒரு புத்தகத்தின் எண்ணம் தோன்றிய நாளிலிருந்து அதன் முதல் படிக்குரிய பணம் கையில் சேரும் நாள்வரை எனக்கு ஓராண்டுக்குக் குறையாமல் ஆகிறது. அந்த ஓராண்டை எதைக் கொண்டு கடக்கப் போகிறீர்கள் என்பதற்கு விடை கிடைத்த பிறகு வேலையின் நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

விற்ற இரண்டு புத்தகங்களையும் வாங்கியவர்கள் யார் என்பதை நீங்கள் எழுதவில்லை. அவர்கள் நண்பர்களா, சேகரிப்பாளர்களா, ஏதேனும் நூலகமா? இந்தத் தொழிலின் போக்கை முடிவு செய்வது அதுதான். என் அனுபவத்தில், பல்கலைக்கழக நூலகங்களின் அரிய புத்தகப் பிரிவுகளைப் போல நம்பகமான வாடிக்கையாளர் வேறில்லை. அவர்கள் வாங்குவது அலமாரியை நிரப்புவதற்காக அன்று. மாணவர்களை மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துத் திறக்கச் செய்து பாடம் நடத்துவதற்காக. ஆகவே அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி, இது அழகாக இருக்கிறதா என்பதன்று. நூறு கைகள் திறந்து மூடினாலும் தாங்குமா என்பதே. புத்தகங்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டுங்கள். ஒரு சந்திப்பில் மூன்று அல்லது நான்குக்கு மேல் காட்டாதீர்கள். நீங்கள் திறந்து காட்டாமல் அவர்களையே திறக்க விடுங்கள். அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்பதைக் கவனித்து, அடுத்த புத்தகத்தில் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

கேள்வி: என் புத்தகங்களுக்கு என்ன விலை வைப்பது என்று தெரியாமல் தவிக்கிறேன். கூட வைத்தால் யாரும் வாங்குவதில்லை. குறைத்து வைத்தால் மனம் கனக்கிறது. ஏதாவது கணக்கு உண்டா?

பதில்: உண்டு. மனம் கனப்பதற்குக் காரணமே கணக்கைத் தவிர்ப்பதுதான். உங்கள் ஒரு மணி நேர உழைப்புக்கு உரிய கூலியை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூலி எவ்வளவு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். ஆனால் உங்கள் ஊரில் திறமையான தச்சர் வாங்கும் கூலிக்குக் கீழே இறங்காதீர்கள்.

முப்பது படிகள் கொண்ட ஒரு பதிப்பை எடுத்துக்கொள்வோம். எழுத்து, ஓவியம், வடிவமைப்பு, மாதிரிப் படிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 150 மணி நேரம் ஆயிற்று என்றால், படிக்கு 5 மணி நேரம். ஒரு படியை அச்சிட்டு, மடித்து, தைத்து, அட்டை கட்ட 8 மணி நேரம். இதோடு கணக்கில் வராமல் மறைந்துபோகும் வேலைகள் இருக்கின்றன: பொருள் வாங்கப் போவது, படம் எடுப்பது, கடிதங்களுக்குப் பதில் எழுதுவது, பொதிவது, எடுத்துப் போய்க் காட்டுவது. இவற்றுக்குப் படிக்கு 2 மணி நேரம் என்று வைத்தால் மொத்தம் 15 அலகு. தாள், அட்டை, துணி, நூல், மை ஆகியவற்றோடு, கைதவறிக் கெட்டுப்போகும் படிகளுக்கான சேதாரத்தையும் சேர்த்து 3 அலகு என்போம். முப்பது நல்ல படிகள் வேண்டுமென்றால் முப்பத்து மூன்றுக்குத் தாள் வெட்டுவதே என் வழக்கம். ஆக, ஒரு படி உங்களுக்கு அடங்கும் விலை 18 அலகு. விற்றுத் தரும் முகவரோ காட்சிக்கூடமோ நூற்றுக்கு நாற்பது எடுத்துக்கொண்டால், உங்கள் கையில் 18 அலகு வருவதற்கு விலை 30 அலகாக இருக்க வேண்டும்.

பலரும் செய்வது என்னவென்றால், கட்டுவதற்கான 8 மணி நேரத்தை மட்டும் மனத்தில் வைத்து, கொஞ்சம் கூட்டி 10 அலகு என்று விலை வைத்துவிடுவது. முகவரின் பங்கு போக 6 வரும்; பொருட்செலவு போக 3 மிஞ்சும். பதினைந்து மணி நேர உழைப்புக்கு மூன்று மணி நேரக் கூலி. ஐந்தில் ஒரு பங்கு கூலிக்கு எவரையும் நாம் வேலைக்கு வைக்க மாட்டோம். நம்மை மட்டும் வைத்துக்கொள்கிறோம்.

முகவர் இல்லாமல் நேரில் விற்கும்போதும் விலையைக் குறைக்காதீர்கள். நேரில் கேட்டால் மலிவாகக் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், முகவர் உங்கள் புத்தகத்தை எடுத்துப் பேச மாட்டார். முன்பு முழு விலை கொடுத்தவரும் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். விலை கட்டுப்படியாகாது என்று தோன்றினால், வேலையைச் சுருக்குங்கள்: பக்கங்களைக் குறைக்கலாம், எளிய தையலுக்கு மாறலாம், பெட்டியைத் தவிர்க்கலாம். கூலியைச் சுருக்காதீர்கள்.

கேள்வி: ஐம்பது படிகள் என்று அறிவித்து, கடைசிப் பக்கத்தில் அவ்வாறே அச்சிட்டும் விட்டேன். பன்னிரண்டு படிகளை முடித்ததும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துப்போயிற்று. இப்போது என்ன செய்வது?

பதில்: 1913-இல் ஓவியர் சோனியா டெலோனேயும் கவிஞர் பிளேஸ் சாந்த்ராரும் சேர்ந்து, விரித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளும் ஒரு மடிப்புப் புத்தகத்தை வெளியிட்டார்கள். 150 படிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக விரித்தால் ஐஃபெல் கோபுரத்தின் உயரம் வர வேண்டும் என்பது திட்டம். ஆனால் 150 படிகள் முழுவதையும் செய்து முடிக்க இயலவில்லை. ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்ட வேண்டியிருந்த அந்தப் புத்தகம், இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த புத்தகங்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. ஆகவே முதலில் வெட்கத்தை விடுங்கள்.

ஆனால் வாங்கியவர்களுக்கு நீங்கள் கொடுத்த வாக்கு ஒன்று இருக்கிறது. ஐம்பதுக்கு மேல் செய்ய மாட்டேன் என்பதே அந்த வாக்கு. ஐம்பதையும் இந்த ஆண்டே முடிப்பேன் என்பதன்று. தாள்களை எல்லாம் அச்சிட்டு, மடித்து, அழுத்தி, எண்ணிப் பொதிந்து வைத்துவிடுங்கள். கேட்பு வரும்போது ஐந்தைந்தாகக் கட்டுங்கள். ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1789-இல் முதன்முதலில் அச்சிட்ட தம் பாடல் புத்தகத்தை, 1827-இல் இறக்கும் வரை, கேட்டவர்களுக்கு ஏற்ப அவ்வப்போது அச்சிட்டுக்கொண்டே இருந்தார். எழுத்தையும் படத்தையும் ஒரே செப்புத் தகட்டில் எழுதி, அமிலத்தால் அரித்து, கையால் வண்ணம் தீட்டும் அந்த முறையில் அவருடைய மனைவி கேத்தரினும் உடனிருந்து உழைத்தார். ஒரு படியின் வண்ணம் மற்றொன்றில் இல்லை. பக்க வரிசைகூட மாறும். இப்படிப் படிக்குப் படி மாறும் பதிப்பையும் நீங்கள் செய்யலாம். ஆனால் அதை முன்கூட்டியே பதிப்புக் குறிப்பில் சொல்லிவிட வேண்டும்.

இனிமேல் ஐம்பது என்று அறிவிக்காதீர்கள். புதிய கலைஞருக்குப் பதினைந்து அல்லது இருபது போதும். எந்த எண் யாருக்குப் போயிற்று, எந்தத் தாள், எந்த மை, எந்த நாளில் கட்டியது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். எட்டு ஆண்டு கழித்து ஒருவர், “என்னிடமுள்ள ஏழாம் படியின் தையல் தளர்ந்துவிட்டது” என்று எழுதும்போது அந்தக் குறிப்பேடு உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: அட்டை கட்டிய சில நாட்களில் என் புத்தகங்களின் அட்டை வில்லாக வளைந்துவிடுகிறது. வாங்கிய ஒருவர் திருப்பியே அனுப்பிவிட்டார். பசையில் குறையா, என் கையில் குறையா?

பதில்: இரண்டிலும் இல்லாமல், தாளின் திசையில் குறை இருக்கக்கூடும். இயந்திரத்தில் உருவாகும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் தாள் அந்த நார்களுக்குக் குறுக்கே விரியும். நீளவாக்கில் அவ்வளவு விரியாது. ஆகையால் பக்கங்கள், அட்டை, அட்டைமேல் ஒட்டும் தாள், உட்புறம் ஒட்டும் தாள் ஆகிய எல்லாவற்றிலும் நார் ஓடும் திசை முதுகுக்கு இணையாக, அதாவது மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். ஒன்று குறுக்கே போனாலும், காயும்போது ஒன்றையொன்று இழுத்து அட்டை வளையும். பக்கங்கள் மடிப்போரத்தில் விறைத்துக்கொண்டு திறக்க மறுக்கும்.

என் முதல் பதிப்பின் இருபது படிகளிலும் நான் செய்தது இதே பிழைதான். தாளை வீணாக்கக் கூடாது என்று நினைத்து, ஒரு பெரிய தாளிலிருந்து இரண்டு பக்கம் கூடுதலாகக் கிடைக்குமாறு குறுக்கே வெட்டினேன். இருபதும் ஓடம் போல் வளைந்தன. விற்றுப்போயிருந்த நான்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி கட்டினேன். அன்றிலிருந்து எந்தத் தாளையும் வெட்டுமுன் இரண்டு பக்கமும் மெல்ல வளைத்துப் பார்ப்பேன். எப்படி வளைத்தால் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவின் மடிப்புக்கோடு போகும் திசையே நார் ஓடும் திசை. ஐயமாக இருந்தால் ஒரு சிறு துண்டின் ஒரு முகத்தை மட்டும் நனைத்தால் அது சுருண்டு குழலாகும். அந்தக் குழலின் நீளம் எந்தப் பக்கம் போகிறதோ, அதுவே திசை.

பசையைப் பற்றியும் ஒரு சொல். மரத்தச்சர்கள் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த வெள்ளைப் பசை விரைவில் காயும். ஆனால் ஒட்டியதைப் பிற்காலத்தில் பிரிப்பது மிகக் கடினம். கோதுமை மாவின் ஸ்டார்ச்சிலிருந்து காய்ச்சும் பசை மெதுவாகக் காயும், ஈரம் அதிகம், ஆனால் நூறு ஆண்டு கழித்தும் நீரால் இளக்கிப் பிரிக்கலாம். பிற்காலத்தில் பழுது பார்க்கப் போகிறவரின் கையையும் நினைத்துக்கொண்டு, எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் இரண்டாவதையே நான் பயன்படுத்துகிறேன். முடிந்தால் பசையே இல்லாத கட்டுமானங்களைக் கற்றுக்கொள்ளுங்கள். எகிப்தில் கிறித்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே வழங்கிய காப்டிக் தையலில் பாரங்கள், அதாவது சில தாள்களை ஒன்றாக மடித்த கட்டுகள், சங்கிலிபோல ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. முதுகில் பசை தேவையில்லை. புத்தகம் எந்தப் பக்கத்தில் திறந்தாலும் மேசைமேல் தட்டையாகப் படுக்கும். தாளும் அமிலமற்றதாக இருக்கட்டும். அமிலம் கலந்த மலிவுத் தாள் பழுப்பேறி நொறுங்கும்போது, அதில் நீங்கள் போட்ட தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

திருப்பி அனுப்பியவருக்குப் புதிய படி ஒன்றைச் செய்து அனுப்புங்கள். அஞ்சல் செலவையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எழுதா ஏடுகளை, அதாவது வெற்றுக் குறிப்பேடுகளை, கையால் தைத்து விற்கிறேன். நன்றாக விற்கின்றன. ஆனால் இது கலை இல்லை என்று உடன் படித்தவர்கள் சொல்வது உறுத்துகிறது.

பதில்: உறுத்த வேண்டாம். நூலை எவ்வளவு இழுத்தால் பாரம் அசையாது, எவ்வளவு இழுத்தால் தாள் கிழியும் என்பதை எனக்குக் கற்றுத் தந்தவை முந்நூறு வெற்றுக் குறிப்பேடுகள். அவற்றின் விலையில்தான் நான் என் முதல் அழுத்துப்பொறியை வாங்கினேன். ஒரே எச்சரிக்கை: வாரத்தில் எத்தனை நாள் குறிப்பேட்டுக்கு, எத்தனை நாள் உங்கள் சொந்தப் புத்தகத்துக்கு என்று பிரித்துவிடுங்கள். நன்றாக விற்பது எதுவோ அது எல்லா நாட்களையும் எடுத்துக்கொள்ளும் இயல்புடையது.

கேள்வி: அச்சகத்தில் கொடுத்து ஆஃப்செட்டில் அச்சிட்ட புத்தகத்தைக் கலைஞரின் புத்தகம் என்று சொல்லலாமா? கையால் செய்தால்தான் மதிப்பா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். எட் ருஷே என்ற அமெரிக்க ஓவியர், 1963-இல், பெட்ரோல் நிலையங்கள் இருபத்தாறின் புகைப்படங்களைச் சாதாரண அச்சில் சிறு புத்தகமாக 400 படிகள் வெளியிட்டார். பிறகு மறுபதிப்புகளும் போட்டார். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதை ஏற்க மறுத்தது. அந்த மறுப்பையே அவர் ஒரு கலை இதழில் விளம்பரமாக வெளியிட்டார். இன்று அந்தச் சிறு புத்தகத்தைக் குறிப்பிடாமல் கலைஞர் புத்தகங்களின் வரலாற்றை எழுத முடியாது.

நான் கையால் செய்வதற்குக் காரணம், என் மனத்தில் உள்ள புத்தகங்களுக்கு வேறு வழியில்லை என்பதே. ஒரு பக்கத்தில் மெல்லிய தாள், அடுத்ததில் தடித்த தாள், நடுவில் ஒரு சாளரம், மடிப்புக்குள் மடிப்பு என்று போகும்போது இயந்திரம் கைவிரித்துவிடுகிறது. உங்கள் புத்தகத்துக்கு ஆஃப்செட் பொருந்துமானால் அதைக் கையால் செய்து கூடுதல் விலை கேட்பதில் நேர்மை இல்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஒரு காட்சிக்கூடத்தில் என் புத்தகங்களை வைக்க அழைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பேழைக்குள் பூட்டி, ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைப்பார்களாம். தொட விடுவதென்றால் கையுறை தருவார்களாம். சம்மதிக்கலாமா?

பதில்: அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள், நிபந்தனையோடு. பேழைக்குள் இருப்பது புத்தகத்தின் ஒரு பக்கந்தான். பக்கத்தைப் புரட்டும் நேரம், தாளின் ஓசை, அடுத்து என்ன வரும் என்ற எதிர்பார்ப்பு ஆகிய எதுவும் கண்ணாடியைத் தாண்டி வாராது. நீங்கள் மாதக்கணக்கில் உழைத்ததோ அவற்றுக்காகத்தான். ஆகவே எண்ணிடாத ஒரு படியை, புரட்டிப் பார்ப்பதற்கென்றே தனியாகச் செய்து, பேழைக்குப் பக்கத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு வைக்கும்படி கேளுங்கள். அந்தப் படி அழுக்காகும், ஓரம் தேயும், ஒருவேளை கிழியும். கிழிந்த இடம் உங்களுக்குப் பாடம். நாற்காலி போடுவது சிறு விஷயமாகத் தோன்றலாம். நின்றுகொண்டு புத்தகம் பார்ப்பவர் நான்கு பக்கத்தோடு நகர்ந்துவிடுவார், உட்கார்ந்தவர் கடைசிவரை போவார்.

கையுறை வேண்டாம். பழம் புத்தகங்களைப் பேணுபவர்களே இப்போது பெரும்பாலும் கழுவித் துடைத்த உலர்ந்த கையைத்தான் பரிந்துரைக்கிறார்கள். பருத்திக் கையுறை விரலின் உணர்வை மழுக்குகிறது. தாளின் ஓரத்தை உணராமல் பிடித்து இழுத்துக் கிழித்துவிட அது இடம் கொடுக்கிறது. புகைப்படங்களும் உலோகப் பகுதிகளும் உள்ள புத்தகங்களுக்கு மட்டும் கையுறை பொருந்தும்.

கேள்வி: எனக்குப் பிடித்த கவிஞரின் கவிதைகளை என் புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறேன், பத்தே படிகள்தாம். அனுமதி வாங்க வேண்டுமா? மேலும், ஒரு வகுப்பில் கற்ற மடிப்பை என் புத்தகத்தில் பயன்படுத்துவது திருட்டா?

பதில்: பத்துப் படியானாலும் ஒரே படியானாலும், விற்பதாக இருந்தால் அனுமதி வேண்டும். பெர்ன் உடன்படிக்கையின்படி எழுத்தாளரின் ஆயுட்காலமும் அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். பல நாடுகளில் அது 70 ஆண்டு. கவிஞர் வாழ்ந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தாலும், நீங்கள் எடுத்தது மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. கடிதம் எழுதிக் கேளுங்கள். மாதிரிப் படியைக் காட்டி, விற்பனைக்குரிய படிகளில் இரண்டைத் தருவதாகச் சொன்னபோது எனக்கு மறுத்தவர்கள் குறைவு. முடித்துவிட்டுக் கேட்பதைத் தவிருங்கள். அப்போது அவர்கள் மறுத்தால் பத்துப் படிகளும் பெட்டியிலேயே கிடக்கும்.

மடிப்பைப் பொறுத்தவரை, தையலும் மடிப்பும் பொதுவாக எவருடைய தனிச் சொத்தும் அல்ல. மேலே சொன்ன கொடிப் புத்தகத்தை ஹெடி கைல் தம் மாணவர்களுக்குக் கற்றுத் தந்தார். அது கைமாறிக் கைமாறி உலகெங்கும் போயிற்று. ஆனால் யாரிடம் கற்றீர்களோ அவர் பெயரைப் பதிப்புக் குறிப்பில் ஒரு வரி எழுதுவது முறை. இன்னொருவர் ஒரு மடிப்பை எந்தப் பொருளுக்குப் பயன்படுத்தினாரோ அதே பொருளுக்கு, அதே படங்களைப் போன்ற படங்களோடு நீங்களும் பயன்படுத்தினால், அது கற்றல் அல்ல.

கேள்வி: ஒரே ஒரு கருவி வாங்கப் பணம் இருக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: நல்ல கத்தியும் அதற்குரிய அலகுகளும். குத்தூசி, நூல், மெழுகு, மடிப்பைத் தேய்க்கும் எலும்புத் துண்டு எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. மழுங்கிய அலகுக்கு மாற்று இல்லை. விரலை வெட்டுவதும் பெரும்பாலும் மழுங்கிய அலகுதான், ஏனென்றால் அதை அழுத்த வேண்டியிருக்கிறது.

கேள்வி: எனக்கு 58 வயது. ஓய்வு பெறப் போகிறேன். இந்த வயதில் தொடங்கினால் சிரிப்பார்களா?

பதில்: ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1891-இல் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கியபோது அவருக்கு 56 வயது. அதற்குப் பின் அவருக்கு ஐந்து ஆண்டுகளே எஞ்சியிருந்தன. அந்த ஐந்தாண்டுகளில் வெளிவந்த புத்தகங்கள் அச்சுக் கலையின் போக்கையே மாற்றின. அவருடைய நண்பர் காப்டன்-சாண்டர்சன், வழக்கறிஞராக இருந்து, நாற்பதைக் கடந்த பிறகு 1883-இல் புத்தகம் கட்டக் கற்றுக்கொண்டவர். ஓவியர் மத்தீஸ் தாம் கத்தரியால் வெட்டிய வண்ணத் தாள்களைப் புத்தகமாக்கி வெளியிட்டது 1947-இல். அப்போது அவர் 77 வயதினர். உங்களைப் பார்த்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கண்ணையும் மணிக்கட்டையும் பற்றித்தான். மேசை இடுப்பளவுக்குக் குறையாமல் உயரமாக இருக்கட்டும். வெட்டும் வேலையை நின்றுகொண்டும் தைக்கும் வேலையை உட்கார்ந்துகொண்டும் செய்யுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை கையை விடுங்கள். நான் நாற்பது வயதில் பிடிவாதமாகப் பத்து மணி நேரம் தொடர்ந்து தைத்து, வலக்கைப் பெருவிரலை ஆறு மாதம் அசைக்க முடியாமல் இருந்தேன். அந்த ஆறு மாதத்தில் ஒப்புக்கொண்ட வேலைகள் மூன்றும் கைவிட்டுப் போயின. மெல்லச் செய்யுங்கள். ஓய்வூதியம் என்னும் பலம் உங்களுக்கு இருக்கிறது. முதல் கேள்வி கேட்ட இளைஞருக்கு அது இல்லை.

கேள்வி: என் மகள் நன்றாகப் படித்தவள். இப்போது புத்தகம் கட்டுவதே தன் தொழில் என்கிறாள். அறை முழுவதும் தாள் வெட்டுகள். அவளோடு பேசினால் சண்டையாகிறது. ஒரு தாயாக நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. இந்தத் தொழிலில் வருமானம் சீராக வராது என்பதை முதல் பதிலிலேயே எழுதிவிட்டேன். அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். மகளிடம் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு: இந்த ஆண்டு எத்தனை புத்தகங்களை முடிக்கப் போகிறாள், அவற்றை யாரிடம் கொண்டுபோய்க் காட்டப் போகிறாள், இடையில் செலவுக்கு எந்த வேலையைச் செய்யப் போகிறாள். இவற்றுக்கு அவளிடம் விடை இருந்தால், அவள் கனவில் மட்டும் நிற்கவில்லை என்று பொருள். விடை இல்லையென்றால், மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள், நடுவில் கேட்காதீர்கள்.

ஆனால் அதற்கு முன் வேறொன்று செய்யுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தாள் வெட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அவள் செய்த புத்தகம் ஒன்றைப் பற்றியும் எழுதவில்லை. ஒன்றைக் கேட்டு வாங்கி, கையைக் கழுவிக்கொண்டு, அவள் எதிரில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டுங்கள். நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பதில்லை. எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், எங்கே புரட்டக் கடினமாயிருந்தது, எது விளங்கவில்லை என்பதைச் சொல்லுங்கள். அவள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறாளா என்று பார்த்து, மறுபடி எனக்கு எழுதுங்கள்.